எப்படி என்ற கேள்வியும் ஏன் என்ற கேள்வியும்: பொதுக்கல்வி பற்றி 1945 சொல்லும் பாடம்

பொறியியலோ மருத்துவமோ கணக்கியலோ படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர், தம் துறைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் சில பாடங்களையும் எடுக்க வேண்டியிருக்கிறது. நாகரிக வரலாறு, அறநெறி, தத்துவம், சமூகம் என்று அவற்றின் பெயர்கள் பலவாக இருக்கும். 'இதெல்லாம் வேலைக்கு உதவுமா?' என்று மாணவர் கேட்கிறார். கட்டணம் செலுத்தும் பெற்றோரும் அதையே கேட்கிறார்கள். இது நியாயமான கேள்விதான். கல்விக் கடனைச் சுமந்துகொண்டு படிக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு மணி நேரமும் விலைமதிப்புள்ளது.

'மனம் விரிவடையும்', 'முழு மனிதனாக உருவாகலாம்' என்று பொத்தாம்பொதுவாகப் பதில் சொல்லிவிடுவது எளிது. ஆனால், வரலாற்றில் ஓர் ஆண்டை எடுத்து ஊன்றிப் பார்த்தால் இன்னும் கூர்மையான பதில் கிடைக்கிறது. அந்த ஆண்டு 1945. பல்கலைக்கழகப் பொதுக்கல்வியைப் பற்றி 20ஆம் நூற்றாண்டில் மிகுதியாகப் பேசப்பட்ட அறிக்கை வெளிவந்தது அந்த ஆண்டில்தான். முதல் அணுகுண்டு ஒரு நகரத்தின் மீது விழுந்ததும் அதே ஆண்டில்தான். இரண்டிலும் ஒரே மனிதருக்குப் பங்கிருந்தது என்பது பலர் அறியாத செய்தி.

போரில் பிறந்த பாடம்

பொதுக்கல்வி என்பது எல்லாத் துறை மாணவர்களும் சேர்ந்து பயிலும் அடிப்படைக் கல்வி. இன்று அறியப்படும் வடிவில் அது அமெரிக்காவில் உருவானது. 1869 முதல் 1909 வரை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த சார்ல்ஸ் எலியட், மாணவர்கள் தாங்கள் விரும்பிய பாடங்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறையை அங்கே முழுமையாகக் கொண்டுவந்தார். பழைய இலத்தீன், கிரேக்கப் பாடங்களின் பிடி தளர்ந்தது. அறிவியலும் புதிய துறைகளும் வளர்ந்தன. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒரே வளாகத்தில் படித்து வெளியேறும் இரு மாணவர்கள் பொதுவாகப் பேசிக்கொள்ள எதுவுமே இல்லாத நிலை மெல்ல ஏற்பட்டது.

முதல் உலகப்போர் இந்தக் குறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. போருக்குச் செல்லவிருந்த இளைஞர்களுக்கு அந்தப் போர் எதனால் மூண்டது என்று விளக்குவதற்காகக் கொலம்பியா பல்கலைக்கழகம் ஒரு பாடத்தைத் தொடங்கியது. போர் முடிந்தபின், 'போரைப் பற்றி இவ்வளவு கற்பித்தோமே, அமைதியைப் பற்றி எதுவும் கற்பிக்க வேண்டாமா?' என்ற எண்ணம் எழுந்தது. 1919இல் 'தற்கால நாகரிகம்' என்ற பாடம் எல்லா மாணவர்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. நூறாண்டுகளைக் கடந்து அந்தப் பாடம் இன்னும் நடக்கிறது.

சிக்காகோ பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 1929இல் அதன் தலைவரான ராபர்ட் ஹட்சின்ஸுக்கு அப்போது வயது 30. அவர் காலத்தில், 1931இல் அறிமுகமான புதிய திட்டத்தின்படி ஒவ்வொரு மாணவரும் உயிரியல், இயற்பியல் அறிவியல்கள், சமூக அறிவியல், மனிதவியல் ஆகிய நான்கிலும் பொதுப்பாடம் படிக்க வேண்டும். வகுப்புக்கு வருவது அவரவர் விருப்பம். முடிவில் ஒரு பெரும் தேர்வு. மூல நூல்களை நேரடியாகப் படித்து, வட்டமாக அமர்ந்து, ஆசிரியரையும் மறுத்துப் பேசும் வகுப்புகள் அங்கே புகழ்பெற்றன. பல்கலைக்கழகத்தின் பெயர் காற்பந்தால் அல்ல, சிந்தனையால் நிற்க வேண்டும் என்று சொன்ன ஹட்சின்ஸ், 1939இல் அமெரிக்கக் காற்பந்து அணியையே கலைத்துவிட்டார்.

அரங்கின் அடியில் ஓர் அணு உலை

காற்பந்து நின்றதால் விளையாட்டரங்கு வெறிச்சோடிக் கிடந்தது. அந்த இடத்துக்கு வேறொரு பயன் கிடைத்தது. 1942 டிசம்பர் 2ஆம் தேதி, அந்த அரங்கின் மேற்குப் பக்கப் படிக்கட்டுகளின் அடியில், என்ரிகோ ஃபெர்மி தலைமையில் உலகின் முதல் அணு உலை இயங்கியது. அணுகுண்டுத் திட்டத்தின் ஒரு முக்கியப் பகுதி, பொதுக்கல்விக்குப் பெயர்போன அதே வளாகத்தில் இரகசியமாக நடந்துகொண்டிருந்தது. 'குண்டு செய்வது எப்படி?' என்பதே அந்த ஆய்வுக்கூடத்தின் கேள்வி. ஹிட்லர் முந்திக்கொள்வார் என்ற அச்சத்தில் வேறு எதையும் கேட்க எவருக்கும் நேரமில்லை.

ஆனால் ஒருவர் முன்கூட்டியே கேட்டார். ஜேம்ஸ் ஃபிராங்க், 1925ஆம் ஆண்டுக்கான இயற்பியல் நோபல் பரிசை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்ட ஜெர்மானியர். அவர் இந்தத் திட்டத்தில் சேர்ந்தபோதே ஒரு நிபந்தனை விதித்தார். குண்டு தயாராகும் நேரத்தில், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது பற்றித் தம் கருத்தை அரசின் மேல்மட்டத்திடம் எடுத்துரைக்க வாய்ப்பு வேண்டும் என்பதே அது.

ஏன் அந்த நிபந்தனை? ஃபிராங்கின் வாழ்க்கையே அதற்குப் பதில். முதல் உலகப்போரில் ஜெர்மனியின் நச்சு வாயுப் பிரிவில் பணியாற்றியவர் அவர். ஆய்வுக்கூடத்தில் பிறப்பது போர்க்களத்தில் என்ன செய்யும் என்பதை நேரில் கண்டவர். 1933இல் நாஜி அரசு யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கியபோது, போர் வீரர் என்ற முறையில் அவருக்கு விலக்கு இருந்தது. ஆயினும் சகாக்களுக்கு இல்லாத சலுகை தமக்கு வேண்டாம் என்று கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியைத் துறந்து, அதைப் பகிரங்கமாகவும் அறிவித்தார். அறிவும் அதிகாரமும் கைகோக்கும்போது என்ன நேரும் என்பதை அவர் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

ஏழு பேரின் அறிக்கை

1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. குண்டைத் தொடங்கி வைத்த காரணமே மறைந்துவிட்டது. ஆனால் வேலை நிற்கவில்லை. இலக்கு ஜப்பான் என்றானது. அப்போது ஃபிராங்க் தலைமையில் சிக்காகோவில் ஏழு பேர் கொண்ட குழு அமர்ந்தது. ஜூன் 11ஆம் தேதி அது தன் அறிக்கையை முடித்தது.

முன்னறிவிப்பின்றி ஜப்பானிய நகரத்தின் மீது குண்டைப் போடக்கூடாது. ஆளில்லாத பாலைவனத்திலோ தீவிலோ பல நாட்டுப் பிரதிநிதிகளின் முன்னிலையில் அதை வெடித்துக் காட்டலாம் என்று அந்த அறிக்கை கூறியது. அணு இரகசியத்தைச் சில ஆண்டுகளுக்கு மேல் காத்து வைக்க முடியாது. அனைத்துலக உடன்பாடு இல்லாவிட்டால் ஆயுதப் போட்டி தொடங்கிவிடும் என்றும் எச்சரித்தது. 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை வெடித்தபோது அந்தக் கணிப்பு மெய்யானது.

ஃபிராங்க் அறிக்கையை வாஷிங்டனுக்கே கொண்டு சென்றார். போர் அமைச்சர் ஹென்ரி ஸ்டிம்சனைச் சந்திக்க முடியவில்லை. அரசுக்கு ஆலோசனை கூற நான்கு தலைசிறந்த இயற்பியலாளர்கள் கொண்ட குழு ஒன்று இருந்தது. ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, லாரன்ஸ், காம்ப்டன் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். வெடித்துக் காட்டுவதால் மட்டும் போர் முடியாது, நேரடியாகப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை என்று ஜூன் 16இல் அக்குழு கூறியது. அதே அறிக்கையில், அரசியல், சமூக, இராணுவப் பிரச்சினைகளில் அறிவியலாளர்களான தங்களுக்குத் தனித் தகுதி எதுவும் இல்லை என்றும் எழுதியது.

இந்த வரி ஆழ்ந்து நோக்கத்தக்கது. 'அது என் துறை அல்ல' என்பது அடக்கமாகத் தோன்றும். ஆனால் முடிவுக்கு இசைவு தெரிவித்துவிட்டு, முடிவின் பொறுப்பிலிருந்து விலகி நிற்கவும் அதே சொல் இடம் கொடுக்கிறது. துறைக்கல்வி மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல் இதுதான்.

ஜூலை 17ஆம் தேதி, லியோ ஸிலார்ட் தயாரித்த மனுவில் 70 பேர் கையெழுத்திட்டனர். அதுவும் அதிபர் ட்ரூமனின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

சிவப்பு அட்டை நூலின் நாயகர்

இனி, அந்த ஒரே மனிதரைப் பார்ப்போம். அவர் ஜேம்ஸ் கோனன்ட். வேதியியலாளர். 1933 முதல் 1953 வரை ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் தலைவர். முதல் உலகப்போரில் அமெரிக்காவுக்காக நச்சு வாயு தயாரிப்பில் ஈடுபட்டவர். அந்த வகையில் அவரும் ஃபிராங்கும் எதிரெதிர் அணிகளில் ஒரே வேலையைச் செய்திருந்தனர்.

1943இல், போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், கோனன்ட் ஒரு குழுவை நியமித்தார். சுதந்திரச் சமுதாயத்தில் பொதுக்கல்வியின் நோக்கம் என்ன என்று ஆராய்வதே அதன் பணி. 1945இல் அது வெளியிட்ட அறிக்கை, அட்டையின் நிறத்தால் 'சிவப்பு நூல்' என்றே பெயர்பெற்றது. பொதுக்கல்வி வளர்க்க வேண்டிய நான்கு திறன்களை அது வகுத்தது. தெளிவாகச் சிந்தித்தல், எண்ணியதைப் பிறருக்கு எடுத்துரைத்தல், சூழலுக்குப் பொருத்தமான முடிவுக்கு வருதல், விழுமியங்களை வேறுபடுத்திப் பார்த்தல் ஆகியவையே அவை. இன்றும் பல பல்கலைக்கழகங்களின் பொதுக்கல்வி நோக்கங்களில் இந்த நான்கின் எதிரொலியைக் கேட்கலாம்.

அதே கோனன்ட், அணுகுண்டின் பயன்பாடு குறித்து ஆலோசனை கூறிய இடைக்காலக் குழுவிலும் உறுப்பினர். 1945 மே 31ஆம் தேதி நடந்த கூட்டத்தில், ஏராளமானோர் வேலை செய்யும், தொழிலாளர் குடியிருப்புகள் நெருக்கமாகச் சூழ்ந்த முக்கியப் போர்த் தொழிற்சாலையே பொருத்தமான இலக்கு என்று அவர் யோசனை கூறினார். குழு அதை ஏற்றுக்கொண்டது. குடியிருப்புகளில் யார் வாழ்வார்கள் என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியாததல்ல.

அவர் கொடியவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. போரை விரைவில் முடித்தால் உயிர்கள் மிஞ்சும் என்று அவரும் மற்றவர்களும் நம்பினார்கள். மலாயாத் தமிழர்களுக்கு அந்த வாதம் அந்நியமானதல்ல. சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் திரும்பவே இல்லை. ஜப்பானின் சரணாகதி எஞ்சியவர்களுக்கு உயிர்ப்பிச்சையாக வந்தது. ஆகவே, கேள்வி எளிதானதல்ல. ஃபிராங்க் குழுவும் போரை நிறுத்திவிடச் சொல்லவில்லை. வேறு வழி உண்டா என்று முதலில் பாருங்கள் என்றுதான் கேட்டது. ஆராய்ந்து சிந்திப்பது என்பது இரு தரப்பின் கணக்கையும் மேசையில் வைத்துப் பார்ப்பதாகும்.

வகுப்பறையில் விழுந்த வெளிச்சம்

1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி காலை ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 140,000 பேர் மாண்டனர். அந்த நகரத்தில் ஒரு பல்கலைக்கழகமும் இருந்தது. அங்கே மலாயாவைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் படித்துக்கொண்டிருந்தனர்.

தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களை ஜப்பான் 1943 முதல் தன் நாட்டுக்கு அனுப்பிவைக்கச் செய்தது. நிக் யூசோப், சையட் ஓமார், அப்துல் ரசாக் ஆகிய மூவரும் அப்படிச் சென்றவர்கள். நிக் யூசோப் ஹிரோஷிமாவில் மாண்டார். கதிர்வீச்சுக்கு ஆளான சையட் ஓமார் அடுத்த மாதம் கியோட்டோவில் உயிர்நீத்தார். அவர்களின் கல்லறைகள் இன்றும் ஜப்பானில் உள்ளன. அப்துல் ரசாக் உயிர்தப்பித் தாயகம் திரும்பினார். கிழக்கை நோக்கும் கொள்கை அறிமுகமானபின், ஜப்பானுக்குப் படிக்கச் செல்லும் மலேசிய மாணவர்களை மாரா தொழில்நுட்பக் கழகத்தில் ஜப்பானிய மொழி கற்பித்துத் தயார்செய்தார். 2013இல் மறைந்தார். அவ்வளவு பெரிய அழிவைக் கண்டவர், அதே நாட்டுக்கு மாணவர்களை அனுப்பும் ஆசிரியரானார் என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

உலகின் தலைசிறந்த பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய கருவி, இன்னொரு பல்கலைக்கழகத்தின் மாணவர்களைக் கொன்றது. அறிவு எதற்காக என்ற கேள்வியை இதைவிட அப்பட்டமாக எழுப்பிய நிகழ்ச்சி வேறில்லை என்றால் அது மிகையாகாது.

பின்னால் வந்த கேள்விகள்

குண்டு விழுந்த சில நாட்களில், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் 'வட்டமேசை' என்ற வானொலி உரையாடலில் ஹட்சின்ஸ் அதன் பயன்பாட்டைக் கண்டித்துப் பேசினார். அந்த ஆய்வுக்கூடத்துக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் தலைவரே அவர்தான். 1945 டிசம்பரில், ஃபிராங்க் குழுவில் இருந்த யூஜின் ரபினோவிச்சும் நண்பர்களும் அணு அறிவியலாளர்களின் இதழைச் சிக்காகோவில் தொடங்கினர். 1947இல் அதன் அட்டையில் ஒரு கடிகாரம் இடம்பெற்றது. நள்ளிரவு என்றால் பேரழிவு. அப்போது அது நள்ளிரவுக்கு 7 நிமிடம் என்று காட்டியது. 2025 ஜனவரியில் 89 விநாடி என்று வைக்கப்பட்டது.

கோனன்ட் என்ன செய்தார்? குண்டு வீச்சு பற்றிக் கண்டனங்கள் பெருகியபோது, அதற்குப் பதில் வர வேண்டும் என்று வற்புறுத்தியவர்களில் அவரும் ஒருவர். அதன் விளைவாக 1947 பிப்ரவரியில் ஸ்டிம்சனின் கட்டுரை ஒரு மாத இதழில் வெளிவந்தது. மாணவர்கள் கேள்வி கேட்கப் பழக வேண்டும் என்று நூல் வெளியிடச் செய்தவருக்கு, இந்த ஒரு கேள்வி மட்டும் கசந்தது போலும்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1949 அக்டோபரில் ஹைட்ரஜன் குண்டு செய்யலாமா என்று அணுசக்தி ஆணையத்தின் ஆலோசனைக் குழு கூடியபோது, கூடாது என்று உறுதியாக நின்றவர்களில் கோனன்ட் முன்வரிசையில் இருந்தார். அது இன அழிப்புக் கருவியாகிவிடும், ஒருபோதும் செய்யப்படக்கூடாது என்ற கருத்துரையில் அவரும் கையெழுத்திட்டார். 1950 ஜனவரி 31இல் ட்ரூமன் அதற்கு மாறாக முடிவெடுத்தார். ஆயினும், நான்கு ஆண்டுகளுக்கு முன் இலக்கைப் பற்றி மட்டும் பேசியவர், இப்போது நோக்கத்தைப் பற்றிப் பேசினார்.

பொதுக்கல்வியிலும் அவர் விதைத்த விதை முளைத்தது. அறிவியல் படிக்காத மாணவர்களுக்கு அறிவியலின் வரலாற்றைக் கற்பிக்க அவரே ஒரு பாடம் தொடங்கினார். 1947இல் அதற்கு உதவ, தாமஸ் கூன் என்ற இயற்பியல் ஆய்வு மாணவரை அழைத்தார். பாடம் தயாரிப்பதற்காகப் பழைய நூல்களைப் புரட்டிய கூன், அறிவியல் எப்படி வளர்கிறது என்பது பற்றித் தாம் நம்பியிருந்ததெல்லாம் தவறு என்று உணர்ந்தார். 1962இல் வெளிவந்த அவருடைய 'அறிவியல் புரட்சிகளின் அமைப்பு' என்ற நூல் உலகின் சிந்தனையையே திருப்பியது. அந்த நூல் கோனன்ட்டுக்குத்தான் காணிக்கையாக்கப்பட்டது. ஒரு பொதுப்பாடம் அதைப் படித்தவர்களுக்கு மட்டுமல்ல, கற்பித்தவருக்கும் கண் திறந்தது.

இரு பாடங்கள்

இந்த வரலாறு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. முதலாவது, ஃபிராங்க் கேட்ட கேள்வி வானத்திலிருந்து விழுந்ததல்ல. நச்சு வாயுவும், நாடுகடந்த வாழ்வும் அவருக்கு அதைக் கற்பித்தன. அவ்வளவு கொடிய விலை கொடுத்துத்தான் ஒவ்வொரு தலைமுறையும் கற்க வேண்டுமா? வேண்டாம் என்பதற்காகத்தான் வரலாறும் தத்துவமும் இலக்கியமும் வகுப்பறைக்கு வந்தன. பிறர் பட்டதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பே பொதுக்கல்வி.

இரண்டாவது, பொதுக்கல்வி தடுப்பூசி அல்ல. அதைப் போற்றியவர், அதற்காக நூல் கொண்டுவந்தவர்கூட, முடிவெடுக்கும் அறையில் அதை மறக்கக்கூடும். நீச்சலைப் பற்றி எவ்வளவு படித்தாலும் தண்ணீரில் இறங்காதவர் நீந்த முடியாது. ஆராய்ந்து சிந்திப்பதும் அப்படியே. மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்தால் அது இன்னொரு பாடம் மட்டுமே. சொந்தத் துறையின் மீதே அந்தக் கேள்வியைத் திருப்பும்போதுதான் அது கல்வியாகிறது.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இது ஏட்டளவான விவாதமல்ல. மலேசிய உயர்கல்விக்கூடங்களில் பொதுப் படிப்புப் பாடங்கள் கட்டாயமாக உள்ளன. தத்துவமும் நடப்புப் பிரச்சினைகளும் பற்றிய பாடம் 2019இல் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூரில் யேல் பல்கலைக்கழகத்துடன் இணைந்து தொடங்கிய கல்லூரி 2013இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது, 2025இல் மூடப்பட்டது. அதன் பணியைத் தொடர 2022இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் புதிய கல்லூரி ஒன்று உருவாக்கப்பட்டது. பெயர்களும் திட்டங்களும் மாறலாம். அந்த வகுப்பில் மாணவர் வாய் திறக்கிறாரா, ஆசிரியரை மரியாதையோடு மறுத்துப் பேச இடமிருக்கிறதா என்பதே முக்கியம்.

இன்றைய மாணவர் அணுகுண்டு செய்யப் போவதில்லை. ஆனால், யாருக்குக் கடன் கிடைக்கும் என்று முடிவுசெய்யும் கணினி நிரலை எழுதப் போகிறார். யாருக்கு முதலில் சிகிச்சை என்று தீர்மானிக்கும் மருத்துவராகப் போகிறார். காட்டை அழித்து வரும் திட்டத்துக்குக் கையெழுத்திடும் பொறியாளராகப் போகிறார். அங்கெல்லாம், 'எப்படிச் செய்வது?' என்று அவர் துறைப்பாடம் சொல்லித் தரும். 'இதைச் செய்யத்தான் வேண்டுமா, யாருக்காக, பாதிக்கப்படுவோர் யார், வேறு வழி உண்டா?' என்று கேட்க அவர் பழகியிருக்க வேண்டும். கூட்டம் கூடி, கோப்பு மேசைக்கு வந்து, எல்லாரும் தலையாட்டத் தொடங்கியபின் அதைக் கற்றுக்கொள்ள நேரமிருக்காது.

'இதெல்லாம் வேலைக்கு உதவுமா?' என்று கேட்கும் பிள்ளைக்குப் பெற்றோர் தயங்காமல் பதில் சொல்லலாம். வேலை கிடைப்பதற்கு உதவாமல் போகலாம். கிடைத்த வேலையை மனசாட்சியோடு செய்வதற்கு நிச்சயம் உதவும்.